நாள் கணக்கு

வேலூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் நான் பணியில் சேர்ந்தபோது அங்கு வந்த கோப்புகள் பெரும்பாலும் வருமான வரியையும் விற்பனை வரியையும் பற்றியவை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கத்துத் தோல் வணிகர்கள் மார்ச் கணக்கை முடித்துக்கொள்ள வருவார்கள். வடிவமைப்புப் பதிவு, அந்நிய முதலீடு, பதிப்புரிமை ஆகிய சொற்கள் மாதத்துக்கு ஒரு முறை காதில் விழுந்தால் அதிகம். இருபது ஆண்டுகளில் அந்த நிலை அடியோடு மாறிவிட்டது. இன்று ஒரு சிறு செருப்புக் கம்பெனியின் கோப்புக்குள்ளேயே மூன்று, நான்கு மத்தியச் சட்டங்கள் அடங்கியிருக்கின்றன. நான் பட்டயக் கணக்காளர் அல்லன், பி.காம். முடித்துவிட்டு ஆடிட்டரிடம் தொழில் பழகியவன். ஆகவே, அந்தச் சட்டங்களின் நியாய அநியாயங்களை அலசும் தகுதி எனக்குக் குறைவு. ஆனால், ஒவ்வொரு சட்டத்திலும் நாள் கணக்கு எந்தச் செயலிலிருந்து தொடங்குகிறது என்பதைக் கவனிக்காமல் விட்டு, அதற்கான விலையை வாடிக்கையாளர் கொடுத்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். இரண்டு முறை அந்தக் கவனக்குறைவு என்னுடையது.

முதலாவது, ஒரு செருப்பைப் பற்றியது. ஏற்றுமதி நிறுவனங்களுக்கு ஷூ அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைத்துக் கொடுத்துவந்த ஆம்பூர்க்காரர் ஒருவர், கூலி வேலையை மட்டும் நம்பியிருக்க முடியாது என்று, தம் தந்தையின் பழைய செருப்புக் கடைப் பெயரிலேயே ஆண்களுக்கான தோல் செருப்புகளைச் செய்யத் தொடங்கினார். குதிகாலைச் சுற்றி வந்து பக்கவாட்டில் பின்னலாக முடியும் வார் ஒன்றை அவரே அமைத்திருந்தார். பார்த்த மாத்திரத்தில் கண்ணில் நிற்கும் வடிவம் அது. 2019 தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பு அலுவலகத்துக்கு ஒரு ஜோடியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். “பாய், இதை ஏன் கடையோடு வைத்திருக்கிறீர்கள்? நல்ல வெளிச்சத்தில் நாலு படம் எடுத்து ஆன்லைனில் ஏற்றிவிடுங்கள்” என்று சொன்னவன் நான்தான்.

அந்தச் சமயத்தில் இணையச் சந்தைகளே விற்பனையாளர்களைத் தேடி வந்துகொண்டிருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். அந்நிய முதலீட்டில் நடக்கும் நிறுவனம், வாங்குவோரையும் விற்போரையும் இணைக்கும் சந்தையாக மட்டும் இயங்குமானால், அதில் நூறு விழுக்காடு வரை முதலீடு செய்வதற்கு அரசின் முன் அனுமதி தேவையில்லை. சரக்கைத் தானே வாங்கி இருப்பு வைத்து நுகர்வோருக்கு விற்க அதற்கு அனுமதி கிடையாது. 2018 டிசம்பர் 26ஆம் தேதி வெளியான ‘பிரஸ் நோட் 2’ என்ற மத்திய அரசின் முதலீட்டுக் கொள்கைக் குறிப்பு இதை மேலும் இறுக்கியது. ஒரு விற்பனையாளர் தம் கொள்முதலில் 25 விழுக்காட்டுக்கு மேல் அந்தச் சந்தையிடமிருந்தோ அதன் குழும நிறுவனங்களிடமிருந்தோ பெற்றால், அவருடைய சரக்கு சந்தையின் கட்டுப்பாட்டில் இருப்பதாகவே கருதப்படும் என்றது. நடைமுறைக்கு வந்த நாள் 2019 பிப்ரவரி 1. இடையில் ஐந்து வாரமும் சில நாட்களும்தான். சந்தையோடு முதலீட்டுத் தொடர்பில்லாத சொந்தத் தயாரிப்பாளர்களின் மதிப்பு அதனால் கூடியது என்பது என் எண்ணம். டெல்லியில் எழுதப்பட்ட முதலீட்டு விதி ஒன்று ஆம்பூர்ப் பட்டறைக்கு வாசல் திறந்துவிட்டதாகவே அப்போது எனக்குத் தோன்றியது. எங்கள் அலுவலகம் கவலைப்பட்டதெல்லாம், விற்பனைத் தொகையிலிருந்து சந்தை பிடித்துக்கொள்ளும் ஒரு விழுக்காடு ஜி.எஸ்.டி. கணக்கில் சரியாக வரவாகிறதா என்பதைப் பற்றி மட்டுமே. 2024 ஜூலையில் அது அரை விழுக்காடானது.

செருப்பு நன்றாக விற்றது. நான்கு மாதங்களில் அதே வார், அதே பின்னலோடு, ஏறக்குறைய பாதி விலையில் வேறோர் ஊரிலிருந்து அதே சந்தையில் வந்து இறங்கியது. பாய் வடிவமைப்பைப் பதிவுசெய்ய வேண்டும் என்று வந்தார். அவரைச் சென்னையில் ஒரு வழக்கறிஞரிடம் அழைத்துப் போனேன். அவர் செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பாராட்டிவிட்டு, “முதல் படம் எந்தத் தேதியில் ஏறியது?” என்று ஒரே கேள்விதான் கேட்டார். பதிலைக் கேட்டதும் பேனாவை மூடிவிட்டார்.

2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவுப்படி, விண்ணப்பிக்கும் நாளுக்கு முன்பே இந்தியாவிலோ வேறெந்த நாட்டிலோ பொதுமக்களுக்கு வெளிப்பட்டுவிட்ட வடிவத்தைப் பதிவுசெய்ய இயலாது. வெளிப்படுத்தியவர் திருடனா, படைத்தவரா என்ற வேறுபாட்டை அந்தப் பிரிவு பார்ப்பதில்லை. படம் ஏற்றுவதற்கு முதல் நாள் மாலையில் விண்ணப்பித்திருந்தால்கூடப் போதும். தடையேதும் இல்லாமல் பதிவாகியிருந்தால் பத்து ஆண்டுகளுக்கும், பிறகு கட்டணம் செலுத்தி மேலும் ஐந்து ஆண்டுகளுக்கும் உரிமை இருந்திருக்கும். நம்பிக்கையின் பேரில் ஒருவருக்கு மட்டும் காட்டியதைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு வெளிப்படுத்தலாகக் கொள்வதில்லை. மத்திய அரசு அறிவித்த கண்காட்சி என்றால், முன்கூட்டியே பதிவு அதிகாரியான கன்ட்ரோலருக்குத் தெரிவித்துவிட்டுக் காட்சிக்கு வைத்து, ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்கலாம் என்ற சலுகையும் உண்டு. இணையச் சந்தையில் ஏற்றிய படத்துக்கு இந்த இரண்டு கதவுகளும் திறக்கவில்லை. பாய் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. திரும்பும் வழியில் வாலாஜா சுங்கச்சாவடி வரும்வரை இருவரும் பேசவும் இல்லை.

வடிவம் போனாலும் பெயரையாவது காப்பாற்றலாம் என்று வணிகச் சின்னத்துக்கு விண்ணப்பித்தோம். சிறு தொழில் சான்று இருந்ததால், இணையவழி விண்ணப்பத்துக்கு 9,000 ரூபாய்க்குப் பதிலாக 4,500 ரூபாய். சில மாதங்களில் பரிசோதனை அறிக்கை வந்தது. ஏறத்தாழ இதே பெயரில், ஆடைக்கும் காலணிக்கும் உரிய இதே 25ஆம் வகுப்பில், வேறொருவர் முன்னதாகவே விண்ணப்பித்திருப்பதாக அதில் இருந்தது. பதில் தர முப்பது நாள். இந்த முறை அறிக்கை வந்த அன்றே நாளைக் குறித்துக்கொண்டேன்.

செருப்பில் எங்களை வீழ்த்திய அதே செயல் இங்கே எங்களுக்குத் துணையாக வந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. வடிவமைப்பைப் பொறுத்தவரை, சந்தைக்கு முன்னதாக வந்தவன் தோற்பான். வணிகச் சின்னத்தில் முன்னதாக வந்து தொடர்ந்து பயன்படுத்தியவனே வெல்வான். 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டம், 34ஆம் பிரிவில், பிறருடைய பயன்பாட்டுக்கும் பதிவுக்கும் முன்பிருந்தே ஒரு பெயரை இடைவிடாமல் பயன்படுத்தி வருபவரின் உரிமையைக் காக்கிறது. பாயின் வீட்டுப் பரணிலிருந்து அவர் தந்தையின் பில் புத்தகங்களை இறக்கினோம். ஓரங்கள் அரித்துப் பழுப்பேறிய அந்தத் தாள்களில் 1993ஆம் ஆண்டுத் தேதிகள் தெளிவாகவே இருந்தன. ஆனால், கடையின் முகவரியில் ‘வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்’ என்று அச்சாகியிருந்தது. பாயின் ஏற்றுமதி–இறக்குமதிச் சான்றிதழிலோ ‘வேலூர் மாவட்டம்’; 2019 நவம்பரில் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபின் போட்ட விண்ணப்பத்தில் ‘திருப்பத்தூர் மாவட்டம்’. ஒரே தெருவில், ஒரே கட்டிடத்தில், இடம் பெயராமல் இருந்த கடை காகிதத்தில் மூன்று மாவட்டங்களுக்குக் குடிபோயிருந்தது. இவை மூன்றும் ஒரே இடந்தானா என்று விசாரணையில் கேட்டார்கள். 1989இல் பழைய வட ஆற்காடு பிரிந்த கதையிலிருந்து தொடங்கி, அரசாணை நகல்களோடு விளக்கம் எழுதிக் கொடுத்தேன். என் பணிக்காலத்தில் நான் மகிழ்ந்து எழுதிய ஒரே அரசு விளக்கம் அதுதான். பெயர் ஏற்கப்பட்டு, வணிகச் சின்ன இதழில் வெளியாகி, எதிர்ப்புக்கான நான்கு மாதங்களும் கடந்து பதிவானது.

இரண்டாவது தவறு காட்பாடியில் நடந்தது. கல்லூரியில் ஒன்றாகப் படித்த மூன்று இளைஞர்கள், தோலை வெட்டும்போது சதுர அடிக் கணக்கில் எவ்வளவு வீணாகிறது என்பதைப் படத்திலிருந்தே கணிக்கும் மென்பொருளை எழுதி, ராணிப்பேட்டை ஷூ நிறுவனங்கள் சிலவற்றுக்கு விற்றுவந்தார்கள். சிங்கப்பூரிலிருந்து ஒரு முதலீட்டு நிறுவனம் பங்கு வாங்க முன்வந்தது. அந்த நிறுவனத்தின் வழக்கறிஞர் முதலில் கேட்டது கணக்கையன்று. மென்பொருளின் முதல் வடிவத்தை எழுதியவர் யார் என்பதை. மூவரில் ஒருவருடைய நண்பன், கம்பெனி பதிவாவதற்கு முன்பே, படித்துக்கொண்டிருந்தபோது எழுதிக் கொடுத்தது அது. பணமும் கொடுத்திருக்கிறார்கள்; ‘எல்லா உரிமையும் உங்களுக்கே’ என்று ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கியிருக்கிறார்கள். போதாதா என்று அவர்கள் கேட்டார்கள். நானும் போதும் என்றுதான் நினைத்தேன். சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் எழுதினால் உரிமை முதலாளிக்குச் சேரும். வெளியாள் எழுதினால் எழுத்து மூலம் மாற்றித்தர வேண்டும். அந்த எழுத்தில் காலம் குறிக்கப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பு குறிக்கப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு எடுத்துக்கொள்கிறது. அந்தத் தாளில் இரண்டுமே இல்லை. நண்பன் நல்லவன், ஓசூரிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டு, பிரியாணி சாப்பிட்டுப் போனான். எல்லாக் கம்பெனிக்கும் அப்படி ஒரு நண்பன் வாய்ப்பதில்லை.

அதன்பின் பணம் வந்தது, இரண்டு தவணையாக. முதல் தவணை சிறியது. இரண்டாவது மூன்று வாரம் கழித்து வந்த பெருந்தொகை. வெளிநாட்டுப் பணம் வந்த அறுபது நாளுக்குள் பங்குகளை ஒதுக்க வேண்டும். ஒதுக்காவிட்டால் அடுத்த பதினைந்து நாளுக்குள் பணத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். ஒதுக்கிய முப்பது நாளுக்குள் அந்த ஒதுக்கீட்டைத் தெரிவிக்கும் எஃப்.சி.–ஜி.பி.ஆர். படிவத்தை வங்கி வழியாக ரிசர்வ் வங்கியின் தளத்தில் ஏற்ற வேண்டும். இவையெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால், ஒரே முதலீடுதானே என்று நினைத்து, இரண்டாம் தவணை வந்த நாளிலிருந்து அறுபதை எண்ணிவிட்டேன். ஒவ்வொரு தவணைக்கும் தனி நாள் கணக்கு உண்டு.

தாமதத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. 2020 ஏப்ரல் 17ஆம் தேதியின் ‘பிரஸ் நோட் 3’, இந்தியாவோடு நில எல்லை உள்ள நாடுகளின் நிறுவனங்கள் மட்டுமல்லாமல், முதலீட்டின் பலனை இறுதியில் அனுபவிப்பவர் அந்நாடுகளில் இருந்தாலும், அந்நாடுகளின் குடிமகனாக இருந்தாலும் அரசின் முன் அனுமதி வேண்டும் என்றது. எத்தனை விழுக்காடு இருந்தால் அவர் பலன் அனுபவிப்பவர் என்பதை அந்தக் குறிப்பு சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட இடத்தில் வங்கிகள் அச்சத்தால் தங்கள் விதியை எழுதிக்கொண்டன. சிங்கப்பூர் நிறுவனத்தின் பங்குதாரர்களில் ஒன்று ஓர் அறக்கட்டளை. அதன் பயனாளிகள் ஒவ்வொருவரின் குடியுரிமைக்கும் எங்கள் வங்கி சான்று கேட்டது. அப்படிப்பட்டவர் யாரும் இல்லை என்று தெரிவதற்கே ஐந்து வாரம் ஆனது. பாதுகாப்பு நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால், அளவு சொல்லாத விதியின் பாரம் முழுவதும், வழக்கறிஞர் படையே வைத்திருக்கும் பெரிய நிறுவனத்தைவிட, காட்பாடியில் வாடகை அறையில் இருந்த மூன்று பேர்மீதே கூடுதலாக விழுந்தது. முதல் தவணையை 71ஆம் நாளில் திருப்பி அனுப்பி, பின்னர் மீண்டும் வரவழைத்தோம். செலாவணி மாற்றத்தில் போன பணத்தையும் வங்கிக் கட்டணத்தையும் எங்கள் ஆடிட்டர் தம் கட்டணத்திலிருந்து கழித்துக்கொண்டார். என் சம்பளத்தில் கை வைக்கவில்லை. வைத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

நாள் கணக்கே இல்லாத ஒரு வணிகமும் இதே ஊரில் நடக்கிறது. ராணிப்பேட்டை நிறுவனம் ஒன்றுக்கு இத்தாலியிலிருந்து சாம்பிள் ஷூ ஒற்றைப் பெட்டியில் வந்தால், சென்னை விமான நிலையச் சுங்கத்தில் நின்று, மதிப்பிடப்பட்டு, காகிதம் கேட்கப்பட்டுத்தான் வெளியே வரும். அதே ஷூவின் பேட்டர்ன் (தோலை வெட்டும் வடிவம்) கோப்பு மின்னஞ்சலில் வந்தால் சுங்கம் என்ற ஒன்று குறுக்கே வருவதில்லை. மின்னணுப் பரிமாற்றங்களுக்குச் சுங்கவரி விதிப்பதில்லை என்று உலக வர்த்தக அமைப்பின் நாடுகள் 1998இல் ஒப்புக்கொண்டு, அதன்பின் திரும்பத் திரும்ப நீட்டித்து வந்ததன் விளைவு இது. 2024இல் அபுதாபியிலும், அதிகபட்சம் 2026 மார்ச் வரை என்று நீட்டித்தார்கள். வருவாய் இழப்பைச் சொல்லி இந்தியா இதை ஆட்சேபித்து வந்திருக்கிறது. பெட்டிக்கு வரி, கோப்புக்கு இல்லை என்ற வேறுபாடு எவ்வளவு காலம் தாங்கும் என்று சில சமயம் யோசிப்பதுண்டு.

இப்போது என் மேசை இழுப்பறையில் நீளவாக்கில் கோடு போட்ட பேரேடு ஒன்று இருக்கிறது. கணினியில் நினைவூட்டல் வைக்கலாம் என்று அலுவலகத்துப் பிள்ளைகள் சொல்கிறார்கள், வைத்தும் தந்திருக்கிறார்கள். ஆனால், நினைவூட்டல் கெடு முடியும் நாளைத்தான் சொல்லும். தொடங்கும் செயல் எது என்பதை நானேதான் கேட்டு எழுத வேண்டும். ஆகவே, முதல் கட்டத்தில் செயல், இரண்டாவதில் தேதி, மூன்றாவதில் சட்டம். ‘பணம் வந்தது’, ‘படம் காட்டியது’, ‘கையெழுத்தானது’ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி.

சென்ற மாதம் இரவு பதினொரு மணிக்குப் பாயின் மகன் வாட்ஸாப்பில் அழைத்தார். பெண்களுக்கான புதிய செருப்பு ஒன்று, கொலுசுபோல் கணுக்காலில் தொங்கும் வாரோடு தயாராகியிருக்கிறதாம். “படம் அனுப்பலாமா சார்? இன்னும் யாருக்கும் காட்டவில்லை, அத்தா உங்களிடம் கேட்டுவிட்டுத்தான் அனுப்பச் சொன்னார்” என்றார். ‘இது ரகசியமாக, பதிவு விண்ணப்பத்துக்காக மட்டும்’ என்று முதலில் ஒரு வரி எழுதி, அதன் கீழே படத்தை அனுப்பச் சொன்னேன். மறுநாள் காலை பத்தரைக்குள் விண்ணப்பம் இணையத்தில் போய்விட்டது. வடிவமைப்புகளைப் பரிசோதிக்கும் அலுவலகம் கொல்கத்தாவில் இருக்கிறது. படத்தை எப்போது ஏற்றலாம் என்று பையன் கேட்டார். ரசீது எண்ணைப் பேரேட்டில் எழுதி முடித்தபின், இன்று மாலையே ஏற்றலாம் என்றேன்.