ரன்புக்கில் விட்டுப்போன ஒரு வரி

2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் கோடு சேமிக்கும் சேவையான கிட்லாப் நிறுவனத்தின் பிரைமரி (முதன்மை) டேட்டாபேஸில் ஏறக்குறைய 300 ஜிபி அழிந்துபோனது. அழிக்கும் கட்டளை தவறான சர்வரில் ஓடிவிட்டது என்பதோடு பலரும் பேச்சை முடித்துக்கொள்வார்கள். ஆவணம் எழுதுபவர் பார்க்க வேண்டியது அதற்கு முந்தைய கட்டத்தை. ரெப்ளிகாவை (பிரைமரியின் நகலை வைத்திருக்கும் சர்வரை) மறுபடி கட்ட ஓட்டிய பிஜி_பேஸ்பேக்கப், அதாவது போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் மென்பொருளின் நகலெடுக்கும் கருவி, திரையில் எதுவும் காட்டாமல் நின்றது. பிரைமரி தரவு அனுப்பத் தொடங்கும்வரை அது சத்தமில்லாமல் காத்திருக்கும். இந்த விஷயம் தங்கள் ரன்புக்கிலும் (வேலையைப் படிப்படியாகச் செய்ய உதவும் குறிப்பேட்டிலும்) தெளிவாக இல்லை, கருவியின் சொந்த ஆவணத்திலும் இல்லை என்று நிறுவனமே பிறகு வெளியிட்ட அறிக்கையில் எழுதியது. டைரக்டரியில் பழைய ஃபைல் கிடப்பதால்தான் மக்கர் செய்கிறதோ என்று அழிக்கப் போனதில் வந்தது வினை.

கட்டளை மட்டும் உள்ள ரன்புக் பாதி ரன்புக்தான். "ரெப்ளிகாவில் மட்டும், முதலில் ஹோஸ்ட்நேம் அடித்து எந்த சர்வர் என்று பார்க்கவும். பிரைமரியில் செக்பாயின்ட் (நினைவகத் தரவை டிஸ்கில் எழுதுவது) முடியும்வரை சில நிமிடம் திரை சும்மா இருக்கும், கன்ட்ரோல்-சி அடித்து நிறுத்த வேண்டாம்." இந்த இரண்டு வரி, ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் படிப்பவருக்கு.

சரியாக எழுதியதும் பழசாகும். போஸ்ட்கிரெஸ் 10-இல் பிஜி_எக்ஸ்லாக் டைரக்டரி பிஜி_வால் ஆனது. பழைய பெயரை அடித்தால் 'இல்லை' என்று வரும், அவ்வளவுதான். 12-இல் வந்த மாற்றம் அப்படியல்ல. ரெகவரி.கான்ஃப் என்ற ஃபைலை உருவாக்கச் சொல்லும் பழைய ரீஸ்டோர் (பேக்கப்பிலிருந்து மீட்கும்) குறிப்பை அப்படியே பின்பற்றினால், அந்த ஃபைல் இருப்பதாலேயே சர்வர் கிளம்ப மறுக்கும். இப்போது ரெகவரி.சிக்னல் என்ற வெற்று ஃபைலும், போஸ்ட்கிரெஸ்கியூஎல்.கான்ஃபில் ரீஸ்டோர்_கமாண்ட் அமைப்பும் வேண்டும். அப்கிரேடு டிக்கெட்டிலேயே "பழைய பெயர்களை ஆவணங்களில் கிரெப் செய் (தேடு)" என்று ஒரு வேலை சேர்த்தால் இது முன்கூட்டியே சிக்கும். ஆவணம் கோடு இருக்கும் ரெப்போவிலேயே (களஞ்சியத்திலேயே) இருந்தால் இன்னும் நல்லது. கான்ஃபிக் மாறும் புல் ரிக்வெஸ்ட்டிலேயே (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கையிலேயே) திருத்தமும் வந்துவிடும்.

விக்கி காட்டும் 'கடைசித் திருத்தம்' தேதியை நம்ப வேண்டாம், ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் அது புதிதாகிவிடும். தலைப்புக்குக் கீழே கடைசியாக ஓட்டிப் பார்த்த தேதியும் போஸ்ட்கிரெஸ் பதிப்பும் இருக்கட்டும். ஓட்டுபவர் எழுதியவராக இருக்கக் கூடாது. எழுதியவர் பக்கத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்து, மற்றவர் எங்கே தயங்குகிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ளட்டும். திருத்தியபின் பழைய பக்கத்தை "காலாவதி" என்று முத்திரை குத்தி விட்டுவைக்காதீர்கள், நீக்கிவிடுங்கள். தேடலில் முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் அதுதான்.