ஏறாத முள்

ஏப்ரல் 14, 2024, ஞாயிறு

சித்திரை முதல் நாளன்று குடியாத்தத்து மாமா தன் வண்டியை என்னிடம் ஒப்படைத்துவிட்டார். 1998ஆம் வருடத்து வெள்ளை மாருதி 800. கண்புரை அறுவைக்குப் பிறகும் இரவில் எதிரே வரும் வெளிச்சம் அவருக்குக் கூசுகிறது. இனி ஓட்டுவதில்லை என்று அவராகவே முடிவெடுத்தார். சாவியோடு ஒரு நீல ஃபைலும் வந்தது. வாங்கிய நாள் முதல் இன்றுவரை வண்டிக்குச் செய்த ஒவ்வொரு செலவின் ரசீதும் தேதிவாரியாக அதில் இருக்கிறது. மாமா எந்தப் பட்டறையிலும் பேரம் பேசியதில்லை. கேட்டதைக் கொடுத்துவிட்டு ரசீதை மட்டும் கேட்டு வாங்குவார்.

கிளம்பும்போது வெப்பம் காட்டும் முள்ளைத் தொட்டுக் காட்டினார். "பாருங்கள் மாப்பிள்ளை, எட்டு வருடமாக இந்த முள் அடிக்கோட்டை விட்டு எழுந்ததே இல்லை. நம் ஊர் வெயிலிலும் சூடேறாத வண்டி." அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து நான் ஒன்றும் சொல்லவில்லை.

பள்ளிகொண்டா வழியாக வேலூர் வரும்வரை அந்த முள்ளையேதான் பார்த்துக்கொண்டு வந்தேன். மதியம் ஒரு மணி, உச்சி வெயில். அவர் சொன்னது உண்மைதான், முள் எழவே இல்லை. ஓடும் இன்ஜினில் அது எழாமல் இருப்பது நல்ல அறிகுறி என்று எனக்குத் தோன்றவில்லை.

ஏப்ரல் 18, வியாழன்

டாங்க் நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்குப் பார்த்தேன். லிட்டருக்கு 11 கிலோமீட்டர். 796 சிசி, மூன்று சிலிண்டர், ஆள் கனமே இல்லாத வண்டி. இவ்வளவு குடிக்க வேண்டிய அவசியமே இதற்கு இல்லை.

ஆயில் மூடியைத் திறந்தால் உட்புறம் மோரில் கரைத்த மாவைப் போல வெளுத்த பசை. இன்ஜினில் தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கட் போய்விட்டதோ என்று ஒரு கணம் வயிறு கலங்கியது. ஆனால் ரேடியேட்டர் தண்ணீர் குறையவில்லை, புகையும் வெளுப்பாக இல்லை. சாவியைத் திருப்பியதுமே ரேடியேட்டர் விசிறி சுற்றுகிறது, அணைக்கும்வரை நிற்பதில்லை. சூடு கூடினால் மட்டும் விசிறியை ஓட்டும் ஸ்விட்சை யாரோ ஒதுக்கிவிட்டு, இரண்டு வயரையும் முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார்கள்.

நாளை வாக்குப்பதிவு. விடுமுறைதான், ஆனால் பட்டறைகளும் மூடியிருக்கும்.

ஏப்ரல் 21, ஞாயிறு

காலை ஆறு மணிக்கு வழக்கம்போலப் பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்கள் கோட்டை மைதானத்தின் ஓரத்தில் கூடினோம். இரண்டு அம்பாசிடர், ஒரு பத்மினி, ஒரு பழைய ஜீப், மாமாவின் வண்டி. ஆற்காட்டிலிருந்து ஓர் ஆசிரியர் தன் சிறிய காரில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு முதல் தடவையாக வந்திருந்தார். பிரேக் பிடிக்கும்போது கத்தி தீட்டுவது போலச் சத்தம் வருகிறதாம். நான்கு நாளுக்கு முன்புதான் முன்சக்கர பிரேக் பேடு மாற்றினார்களாம். "புதிது, கொஞ்சம் தேயட்டும், சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

சக்கரத்தைக் கழற்றினோம். வெளிப்பக்கப் பேடு திருப்பி மாட்டப்பட்டிருந்தது. டிஸ்க்கைப் பிடிக்க வேண்டிய உராய்வுப் பக்கம் வெளியே பார்க்கிறது, முதுகில் இருக்கும் இரும்புத் தகடு டிஸ்க்கின் மேல். டிஸ்க்கில் இசைத்தட்டுப் போல வரி வரியாகப் பள்ளம். விரல் நகத்தை வைத்து இழுத்தால் ஒவ்வொரு வரியிலும் சிக்குகிறது. அந்தத் தகடு வெந்து ஊதா நிறமாகியிருந்தது. இரும்பும் இரும்பும் உரசித்தான் அந்தக் குடும்பம் ஆற்காட்டிலிருந்து நெடுஞ்சாலையில் வந்து சேர்ந்திருக்கிறது. அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்த சின்னவனைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது. பேடைத் திருப்பிப் போட்டால் மட்டும் போதாது, டிஸ்க்கும் போய்விட்டது. வண்டியை நண்பர் வீட்டில் நிறுத்திவிட்டு அவர்களைப் பஸ்ஸில் அனுப்பினோம்.

அதை மாட்டியவனுக்கு எது முன், எது பின் என்று தெரியாமல் இருந்திருக்கலாம். தெரியாமையைக்கூட நான் மன்னித்துவிடுவேன். சத்தம் வருகிறது என்று திரும்பிப் போன மனிதரிடம் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்காமலே "சரியாகிவிடும்" என்றானே, அதை மன்னிக்க முடியவில்லை.

ஏப்ரல் 28, ஞாயிறு

முன்சக்கரம் ஒன்றைக் கழற்றலாம் என்று ஜாக்கி வைத்தேன். நான்கு சுற்று வரை வண்டி ஏறியது. ஐந்தாவது சுற்றில் வண்டி நின்ற இடத்திலேயே நின்றது, ஜாக்கி மட்டும் ஏறியது. அப்பளம் நொறுங்குவது போல ஒரு சத்தம். கதவுக்குக் கீழே ரன்னிங் போர்டுக்குள் ஜாக்கி தலையோடு புதைந்துவிட்டது. நல்லவேளை, சக்கரம் இன்னும் அதன் இடத்தில்தான் இருந்தது. ஸ்டெப்னியையும் முன்கூட்டியே வண்டிக்கு அடியில் படுக்கவைத்திருந்தேன்.

ஸ்க்ரூடிரைவரால் நெம்பினேன். மேலே கறுப்புப் பெயிண்ட், அதற்கு அடியில் சுண்டுவிரல் கனத்துக்குப் பட்டி. பாளம் பாளமாக விழுந்தது. பட்டிக்குப் பின்னால் கோழிக்கூண்டுக் கம்பிவலை, வலைக்குப் பின்னால் மடித்துத் திணித்த சிமெண்ட் சாக்கு. தகடு இருக்க வேண்டிய இடத்தில் கைப்பிடி துருத்தூள்தான் இருந்தது.

பழைய ஸ்பீக்கரின் காந்தத்தை எடுத்து வண்டி முழுவதும் ஒட்டிப் பார்த்தேன். பானெட்டில் பிடிக்கிறது, கூரையில் பிடிக்கிறது, பின் மட்கார்டில் வழுக்கி விழுகிறது. பிறகு நீல ஃபைலைப் புரட்டினேன். 2016ஆம் வருட ரசீது: "இரு பக்க ரன்னிங் போர்டு, புதுத் தகடு வைத்து வெல்டிங்". மாமாவின் கையெழுத்தில் ஓரத்தில் "பணம் கொடுத்தாகிவிட்டது" என்று இருக்கிறது.

மே 1, புதன்

கொணவட்டம் பக்கத்தில் ஷெட் வைத்திருக்கும் பாயிடம் வண்டியை விட்டேன். முப்பது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறார். கழற்றிய பழைய பாகம் ஒவ்வொன்றையும் பையில் போட்டு, வண்டிக்காரரிடமே திருப்பிக் கொடுப்பார். வேண்டாம் என்றாலும் விடமாட்டார்.

தெர்மோஸ்டாட் மூடியின் இரண்டு போல்ட்டுகளில் ஒன்று தலை மழுங்கிக் கிடந்தது. பொருந்தாத ஸ்பேனரைப் போட்டு முறுக்கியிருக்கிறார்கள். மிகப் பொறுமையாக அதைக் கழற்றி மூடியைத் தூக்கிய பாய் என்னைக் கூப்பிட்டார். உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை. வெறும் குழி, அதைச் சுற்றிப் பிதுங்கிய சிலிகான் பசை.

தெர்மோஸ்டாட் சின்னப் பொருள்தான், ஆனால் கெட்டிக்காரப் பொருள். அதற்குள் ஒரு மெழுகு இருக்கிறது. தண்ணீர் 82 டிகிரியைத் தொடும்போது மெழுகு உருகி விரிந்து வால்வைத் திறக்கும். அதுவரை தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றிச் சீக்கிரம் சூடேறும். அதைப் பிடுங்கிவிட்டால் இன்ஜின் வேண்டிய சூட்டுக்கு வரவே வராது. பெட்ரோல் முழுதாக எரியாது, ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகிப் போகாது. வெளுத்த பசைக்கும் 11 கிலோமீட்டருக்கும் காரணம் கிடைத்துவிட்டது. மாமாவின் வண்டி சந்தைக்கும் கோவிலுக்கும் மட்டுமே போய்வந்த வண்டி. சூடேறும் முன்பே அணைத்துவிடுவார்.

"வெயில் ஊருக்கு இது வேண்டாம்" என்று சொல்லிப் பிடுங்கும் வழக்கம் பல பட்டறைகளில் உண்டு என்றார் பாய். வழக்கமாகவே இருக்கட்டும். ஃபைலில் இருக்கும் ரசீதில் "தெர்மோஸ்டாட், புதிது, 650 ரூபாய்" என்று எழுதியிருக்கிறதே!

ரேடியேட்டரைத் திறந்துவிட்டதும் காவி கரைத்தது போலத் தண்ணீர் வந்தது. கூலன்ட் வாசனைகூட இல்லை, வெறும் போர்வெல் தண்ணீர். எங்கள் மாவட்டத்து நிலத்தடி நீரின் கதை, தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் 1996ஆம் வருட உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போன கதை. குடிக்க யோசிக்கும் அந்தத் தண்ணீர் எட்டு வருடம் அந்த மெல்லிய குழாய்களில் உப்பாகப் படிந்திருக்கிறது.

மே 5, ஞாயிறு

நேற்று அக்னி நட்சத்திரம் தொடங்கியது. ஷெட்டின் தகரக் கூரைக்குக் கீழே காலை பத்து மணிக்கே நிற்க முடியவில்லை.

இன்று பாய் முன்சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மைக் கழற்றினார். ரப்பர் புஷ் இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஒரு கட்டையான கறுப்பு உருளை வந்தது. பாய் அதைத் துடைத்து, கத்தியால் கீறிப் பிரித்தார். வட்ட வட்டமாக வெட்டி, பசை போட்டு அடுக்கிய நான்கு துண்டுகள். ஒன்றின் மேல் "7" என்று அச்சு. திருப்பிப் பார்த்தால் அலை அலையான கோடுகள். செருப்பின் அடிப்பாகம்! ஆம்பூர், இராணிப்பேட்டைப் பக்கம் இந்தக் கழிவு மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். ஏழாம் நம்பர் காலணியின் அடித்தோலை வெட்டி என் மாமாவின் முன்சக்கரத்தைத் தாங்க வைத்திருக்கிறார்கள். அந்தத் துண்டு கிழிந்து நழுவினால் சக்கரம் தன் திசையை விட்டு விலகும், ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவருக்கு ஒன்றும் செய்ய முடியாது.

இதையும் ஃபைலில் தேடினேன். "லோயர் ஆர்ம் புஷ், கம்பெனி சாமான்". அதே 2016, அதே பட்டறை.

மே 8, புதன்

புஷ் இன்னும் வரவில்லை. ரேடியேட்டர் வந்துவிட்டது. பாய் தகடு வெட்டி இடது பக்க ரன்னிங் போர்டை வெல்டிங் செய்துவிட்டார். துருவை நல்ல தகடு தெரியும்வரை வெட்டி எடுத்த பிறகே புதியதை வைத்தார்.

ஒப்பேற்றும் வேலை எல்லாமே குற்றம் என்று நான் நினைக்கவில்லை. 2003இல் இதே வண்டியில் திருப்பதி போகும்போது சித்தூருக்கு அப்பால் பெட்ரோல் டாங்கில் கசிவு. மாமா கடையில் துணி சோப்பு வாங்கித் தண்ணீர் தொடாமல் பிசைந்து ஓட்டையில் அப்பினார். வீடு வந்து சேர்ந்தோம். மறுநாள் காலையில் முதல் வேலையாக டாங்கைக் கழற்றக் கொடுத்தார். சோப்பு வைத்திருக்கிறது என்று வண்டியில் இருந்த எல்லோருக்கும் தெரியும், யாரையும் பீடி பற்றவைக்க விடவில்லை. ஏழாம் நம்பர் செருப்பு இருந்ததோ யாருக்குமே தெரியாது.

மே 12, ஞாயிறு

மைதானத்துக்கு இருபது வயதுத் தம்பி ஒருவன் தரையோடு தரையாகத் தாழ்த்திய காரில் வந்தான். நாளை நண்பர்களோடு ஏலகிரி போகிறானாம். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். குனிந்து பார்த்தேன். காயில் ஸ்ப்ரிங்கை கேஸ் கட்டரால் இரண்டு சுற்று அறுத்திருக்கிறார்கள். அறுத்த முனையில் நீலமும் ஊதாவுமாகக் கன்றிய நிறம். அந்த இடத்தில் எஃகின் உரமே போய்விட்டது. முனை தட்டையாக இல்லாததால் தன் இருக்கையில் சரியாக உட்காரவும் இல்லை. ஜாக்கியால் தூக்கியதும் ஸ்ப்ரிங் தளர்ந்து கையாலேயே சுழன்றது. வளைவில் ஒரு சக்கரம் தூக்கினால் அது இடம் மாறி உட்காரும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவைச் சொன்னேன். தயாரிப்பாளர் குறித்த அளவுகளிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் சொன்னேன். அவன் முகம் மாறவில்லை. பிறகு அவன் கையைப் பிடித்து ஸ்ப்ரிங்கின் மேல் வைத்து, அவனையே சுழற்றச் சொன்னேன். அதன் பின் நெடுநேரம் பேசாமல் நின்றான். ஏலகிரிக்குப் பஸ்ஸில் போவதாகச் சொல்லிவிட்டுப் போனான். போவான் என்று நம்புகிறேன்.

மே 14, செவ்வாய்

வைகாசி முதல் நாள், குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. பஸ்ஸில்தான் போனேன். கூட்டம் சற்று ஓய்ந்த பிறகு மாமாவின் முன்னால் ஃபைலையும் பாய் கொடுத்த பையையும் வைத்தேன். சொல்லாமல் விட்டுவிடு, இந்த வயதில் எதற்கு மனக்கஷ்டம் என்றார் அத்தை. எனக்கு மனம் ஒப்பவில்லை. அவரிடம் மறைத்தால், அந்தப் பட்டறை செய்ததையே நானும் செய்தவனாவேன்.

செருப்புத் துண்டை எடுத்து அந்த 7ஐக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். "2018இல் உங்கள் அக்காவைப் பிரசவத்துக்கு நடு இரவில் இந்த வண்டியில்தான் வேலூருக்கு அழைத்துப் போனேன். தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் போனேன், மாப்பிள்ளை." அதற்கு மேல் பேசவில்லை. பட்டறைக்குப் போய்க் கேட்கலாம் என்றேன். அதை நடத்தியவர் கடையை மூடிவிட்டுப் போய் நான்கு வருடம் ஆகிறதாம்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேனாவை எடுத்தார். மூன்று ரசீதுகளின் மேலும் "இந்த வேலை செய்யப்படவில்லை" என்று எழுதி, இன்றைய தேதி போட்டுக் கையெழுத்திட்டு, அதே வரிசையில் திரும்ப வைத்தார்.

மே 19, ஞாயிறு

வண்டி தயார். நேராகக் குடியாத்தம் போய் மாமாவைப் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்துக்கொண்டு பள்ளிகொண்டாப் பக்கம் கிளம்பினேன். ஐந்தாறு நிமிடத்தில் முள் அடிக்கோட்டை விட்டு எழுந்தது. மாமா என் கையைப் பிடித்துவிட்டார். "நிறுத்துங்கள், சூடேறுகிறது!"

ஓரமாக நிறுத்தினேன், இன்ஜினை அணைக்கவில்லை. இப்போதுதான் மாமா அது இருக்க வேண்டிய இடத்துக்கு வருகிறது, பொறுத்துப் பாருங்கள் என்றேன். முள் பாதிக்குச் சற்றுக் கீழே வந்து நின்றது. நிழல் இல்லாத சாலை, இருவருக்கும் சட்டை நனைந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் முள் ஒரு மயிரிழை மேலே போனது. 'டக்' என்று விசிறி ஓடத் தொடங்கியது. முள் இறங்கியது, விசிறி நின்றது. மாமா காதைச் சாய்த்து அந்த அமைதியைக் கேட்டார். இன்னொரு முறை விசிறி ஓடி நிற்கும்வரை கிளம்ப வேண்டாம் என்றார். காத்திருந்தோம்.

வீடு திரும்பியதும் ஃபைலைக் கேட்டார். பாயின் ரசீதை வைத்து, அதன் ஓரத்தில் எழுதினார்: "19.5.2024. முள் நடுவில் நிற்கிறது. நானே பார்த்தேன்."