ஏற்காட்டுக் குளிரும் சளி பிடித்த ஆமைக்குட்டியும்

மார்கழிக் குளிரில் சுல்காட்டா என்ற ஆப்பிரிக்க நில ஆமையின் குட்டிக்கு மூக்கில் நீர்க்குமிழி, ஒட்டிக்கொண்ட கண், தீனியைத் திரும்பிப் பாராத மந்தம் என்று தெரிந்தால், முதல் வேலை சூடு கொடுப்பது. ஆமை தன் உடம்பைத் தானே சூடாக்கிக்கொள்ளாது. குளிர்ந்தால் செரிமானம் மந்தமாகும், நோய் எதிர்ப்பும் குறையும். அந்த நிலையில் வாயைத் திறந்து ஊட்டவே கூடாது. தின்றது வயிற்றிலேயே அழுகும்.

பெட்டிக்குள் இரவிலும் 28 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும், ஒரு மூலையில் பகலில் 33 முதல் 35. இரவுக்கு வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டர், கட்டாயம் சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட்டோடு. சேலத்து வெயிலில் கண்ணாடித் தொட்டியை வைத்துவிடாதீர்கள், சற்று நேரத்தில் குட்டி வெந்துவிடும்.

தினமும் 15 நிமிடம், 30–32 டிகிரி வெதுவெதுப்பான நீரில் தாடைக்குக் கீழே நிற்கும் அளவுக்கு உட்கார வையுங்கள். ஆற ஆற நீரை மாற்றி, கடைசியில் ஈரம் துடைத்து விடுங்கள். சிறுநீரோடு வரும் வெள்ளைக் கழிவு கூழாக வந்தால் நல்லது. மணல்போல் வந்தால் உடம்பில் நீர் போதவில்லை.

கழுத்தை நீட்டி, வாய் திறந்து மூச்சுவிட்டால் அன்றே கால்நடை மருத்துவரிடம் போங்கள். கிராம் தராசில் எடை பார்த்துக் குறித்துக்கொண்டு போனால் மருந்தளவு தப்பாது. நாய், மாட்டுக்குப் போடும் புழு மருந்தான ஐவர்மெக்டின் ஆமைக்கு எமன், யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். உங்களிடம் இருப்பது நட்சத்திர ஆமை என்றால் வீட்டில் வளர்ப்பதே சட்டப்படி குற்றம், வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.

பசி திரும்பியதும் செம்பருத்தி இலை, அருகம்புல், முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி கொடுக்கலாம்.