கனடாவில் ஒரு பூந்தமல்லி

தங்கையின் கணவருக்கு ஒட்டாவாவில் சொந்தமாகச் சிறிய மோட்டார் படகு ஒன்று உண்டு. ரிடோ கால்வாயின் வரைபடத்தை அவர் விரித்தபோது என் கண் ஓர் ஊர்ப்பெயரில் நின்றுவிட்டது: பூனமலி. நம் பூந்தமல்லியேதான். இந்தியாவில் பணியாற்றிய ஓர் ஆங்கிலேய அதிகாரி வைத்த பெயர் என்கிறார்கள். முப்பது வருடமாகப் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பஸ்ஸில் நின்றுகொண்டே போய்வருகிறவன் நான். உட்கார்ந்துகொண்டு போக ஒரு பூந்தமல்லி இருக்கிறது என்றால் விடுவேனா?

ஸ்மித்ஸ் ஃபால்ஸில் படகை இறக்கினோம். ஒட்டாவாவையும் கிங்ஸ்டனையும் இணைக்கும் இந்த 202 கிலோமீட்டர் நீர்வழியில் மனிதர் வெட்டிய வாய்க்கால் கொஞ்சம்தான். ஆறுகளுக்கு அணை போட்டு, ஏரிகளை இணைத்திருக்கிறார்கள். சீடார் மரங்கள் நெருங்கி நிற்கும் ஒடுக்கமான வெட்டு வாய்க்காலில் மணிக்கு 10 கிலோமீட்டர்தான் வேகம். மாலை நேரத்துக் கோயம்பேட்டைவிட அதிகம் என்று நான் சொன்னது மாப்பிள்ளைக்குப் புரியவில்லை.

பூனமலியில் கடையும் இல்லை, கூட்டமும் இல்லை. ஒரு அணை, ஒரு வீடு, ஒரு லாக்; அதாவது, தண்ணீரை ஏற்றியும் வடித்தும் படகை ஒரு மட்டத்திலிருந்து இன்னொரு மட்டத்துக்குக் கொண்டுபோகும், கதவு வைத்த கல்தொட்டி. துறையில் தீட்டிய நீலக் கோட்டருகே படகை நிறுத்தினால் போதும், நாம் கடக்கக் காத்திருக்கிறோம் என்று ஊழியர்கள் புரிந்துகொள்கிறார்கள். கல்தொட்டிக்குள் நுழைந்ததும் பின்னால் கதவு மூடியது. கல்லூரி மாணவியர் போலிருந்த இருவர் கிணற்று ராட்டினத்தைப் போன்ற ஒரு இரும்புச் சக்கரத்தைக் கையால் சுற்றினார்கள். மதகு திறந்து தண்ணீர் புகுந்தது.

சுவரில் மேலிருந்து கீழாகத் தொங்கும் கம்பிவடத்தில் நம் கயிற்றைச் சுற்றிப் பிடித்துக்கொள்ள வேண்டும். நான் சுற்றியதோடு நில்லாமல், மாட்டைக் கட்டுவதுபோல் முடிச்சும் போட்டுவிட்டேன். தண்ணீர் ஏற ஏறப் படகின் மூக்கு மட்டும் ஏற மறுத்தது. "கட்டாதீங்க மச்சான், பிடிச்சிருங்க!" என்று மாப்பிள்ளை கத்தினார். முடிச்சை அவிழ்ப்பதற்குள் என் கேமரா பை நனைந்துவிட்டது. அதன்பின் கயிறு அவர் பொறுப்பு.

அங்கிருந்து கீழ் ரிடோ ஏரி, பிறகு பெரிய ரிடோ ஏரி. கரை விலகியதும் காற்றுக்கும் துணிவு வந்துவிட்டது. அலை முகத்தில் அடிக்க, தங்கை கட்டித் தந்த புளியோதரையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாரோஸ் லாக்கில் இன்னும் சற்று மேலேறினால் மேல் ரிடோ ஏரி. பாதையின் உச்சி அதுதான். இதுவரை ஏறிய படகு, நியூபரோ லாக் முதல் கிங்ஸ்டன் பக்கமாக இறங்க வேண்டும்.

நியூபரோவில் கரையேறி நடந்தோம். அமெரிக்காவோடு 1812-இல் தொடங்கிய போருக்குப் பிறகு, அமெரிக்க எல்லையை ஒட்டாமல் படைகளைக் கொண்டுபோக ஒரு வழி தேடிய பிரிட்டன், கர்னல் ஜான் பை என்பவரைக் கொண்டு 1826 முதல் 1832 வரை கட்டிய கால்வாய் இது. நியூபரோவில் பாறை உடையவில்லை. ஆட்களோ காய்ச்சலில் விழுந்தார்கள். ஒப்பந்தக்காரர்கள் விட்டுப் போக, ராணுவத் தொழிலாளர்களை இறக்கினார்கள். அந்தக் காய்ச்சல் மலேரியா. பனிக்கட்டி நாட்டில் மலேரியாவா என்று நானும் கேட்டேன். சதுப்பு நிலத்தின் கெட்ட காற்றுதான் காரணம் என்று அன்று நம்பினார்கள். குற்றவாளி கொசு என்று செகந்திராபாத்தில் பிரிட்டிஷ் மருத்துவர் ரொனால்ட் ராஸ் வழி காட்டியது 1897-இல். கால்வாய்ப் பணியில் இறந்தவர்கள் சுமார் ஆயிரம் பேர். கட்டி முடித்த பிறகு போருக்கு அது தேவைப்படவே இல்லை. செலவு மீறியதற்காக ஜான் பையை லண்டனுக்கு அழைத்துக் கேள்வி கேட்டார்கள். 1836-இல் அவர் இறந்துபோனார்.

பூனமலி பெயர்ப்பலகையைப் படமெடுத்து மனைவிக்கு அனுப்பியிருந்தேன். நியூபரோ துறையில் கொசுவை அடித்துக்கொண்டிருந்தபோது பதில் வந்தது: "கேமரா பை எங்கே?"