அத்தையோடு சலாஸிக்கு

காரைக்காலில் இருந்து அத்தை வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவு ரெயூனியன்; அதன் தலைநகர் சேன் தெனியில் எங்கள் வீட்டு பால்கனியில் இருந்து கடலைப் பார்த்துப் பார்த்து அவருக்கு அலுத்துவிட்டது. "கடல் நம்ம ஊர்லயும்தான் இருக்கு மாப்பிள்ளை" என்று அவர் சொன்ன அன்று, சரி, ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போவோம் என்று முடிவானது.

ரெயூனியனில் மலை என்றால் பித்தோன் தெ நேழ்தான். 3,000 மீட்டருக்கும் மேலே நிற்கும், நெடுங்காலமாக உறங்கும் எரிமலை. அதைச் சுற்றி இடிந்தும் மழையில் அரித்தும் உண்டான மூன்று பெரிய பள்ளத்தாக்குகள். மஃபாத்துக்குக் கார் போகாது, நடந்துதான் போக வேண்டும். சிலாவோஸ் சாலையில் நானூறு வளைவு என்பார்கள். அத்தைக்கு வயிறு தாங்காது. மிச்சம் சலாஸி.

இந்தத் தீவில் மலைக்குப் போகிறவர்கள் விடியும் முன்னே கிளம்புவார்கள். பத்து, பதினோரு மணிக்கெல்லாம் மேகம் ஏறி எல்லாவற்றையும் மூடிவிடும். இது எனக்குத் தெரியும், என் மனைவிக்கும் தெரியும். அத்தை தயிர்சாதம் கட்டி, அதற்கு உருளைக்கிழங்கு வறுத்து, எவர்சில்வர் டப்பாவைத் துண்டில் முடிந்து முடிப்பதற்குள் எட்டரை.

கிழக்கே சேன் ஆந்த்ரே வரை அகலமான நாலு வழிச் சாலை. ஆகஸ்ட் மாதம், கரும்பு வெட்டும் காலம். கரும்பு ஏற்றிய ராட்சத டிரெய்லர்களுக்கு இங்கே 'கஷாலோ' என்று பெயர். திமிங்கலம் என்று அர்த்தம். பின்னால் மாட்டிக்கொண்டால் பெயர்ப்பொருத்தம் நன்றாகப் புரியும். சேன் ஆந்த்ரேயில் கோபுரத்தைப் பார்த்ததும் அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். 1848-இல் அடிமை முறை ஒழிந்த பிறகு தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரியில் இருந்தும் எங்கள் காரைக்காலில் இருந்தும் கப்பல் கப்பலாக ஒப்பந்தக் கூலிகள் வந்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளைத்தான் இங்கே 'மல்பார்' என்கிறார்கள். மலபாருக்கும் அவர்களில் பெரும்பாலோருக்கும் சம்பந்தமே இல்லை.

ஊரைத் தாண்டி உள்பக்கம் திரும்பியதும் சாலை ரிவியேர் து மா ஆற்றைப் பிடித்துக்கொள்கிறது. கீழே கரும்பாறைகளுக்கு நடுவே வெளுத்த தண்ணீர், இரண்டு பக்கமும் செங்குத்துச் சுவர், சுவர் முழுக்கப் பச்சை. கிழக்கில் இருந்து வரும் கடல்காற்று முதலில் மோதுவது இந்தப் பக்கம்தான். அதனால் மூன்று பள்ளத்தாக்குகளில் மழை அதிகம் இங்கேதான்.

வழியில் ஓர் அருவி நேராகச் சாலை மேலேயே விழுகிறது. பெயர் பீஸ் ஆன் லேர். என்ன அர்த்தம் என்று அத்தை கேட்டார். "சின்னப் பிள்ளைங்க நின்னுக்கிட்டு போறதுதாம்மா" என்று ஒருவழியாக மனைவி சொல்லி முடிப்பதற்குள் கார் அதன் அடியில் நுழைந்துவிட்டது. பின்சீட்டு ஜன்னல் திறந்திருந்தது. அத்தையின் இடதுதோள் நனைந்தது, தயிர்சாதத் துண்டு சொட்டச் சொட்ட நனைந்தது. நான் கண்ணாடியில் பார்க்காமல் ஓட்டினேன்.

சலாஸி கிராமத்தைத் தாண்டினால் வுவால் தெ லா மரியே, மணப்பெண்ணின் முக்காடு. ஒரே அருவி இல்லை, மலைமுகத்தில் பத்துப் பதினைந்து வெள்ளை நூல்களாக இறங்குகிறது. நாங்கள் இறங்கி நின்றபோது மேகம் பாதி முக்காட்டைச் சாப்பிட்டிருந்தது. மழைக்காலம் முடிந்த ஏப்ரல், மே மாதங்களில் இன்னும் நன்றாக இருக்கும்.

அதற்கும் மேலே இருக்கும் எல்பூர் கிராமத்துக்குப் போய்ச் சேரும்போது முழு மூட்டம். எழுத்தில் முன்னால் 'ஹெல்' இருப்பதால் ஆங்கிலம் தெரிந்தவர்கள் நரகம் என்று சிரிப்பார்கள். 1838 முதல் 1841 வரை ஆளுநராக இருந்த தெ எல் என்பவரின் பெயர் அது. தகரத்தில் லேஸ் வெட்டினாற்போல் ஓரம் வைத்த, தீவுக்கே உரிய கிரியோல் பாணி மர வீடுகள், வாசலில் ஃபெர்ன், கமேலியா. முன்பு இங்கே வெந்நீர் ஊற்று இருந்தது, பணக்காரர்கள் குளித்து உடம்பைத் தேற்றிக்கொள்ள வருவார்கள். 1948 புயலோடு ஊற்று போயிற்று. இடிபாடுகளைப் பார்க்கக் கீழே இறங்கினோம். ஓடை ஓரமாகப் பாசி பிடித்த சுவரும் தொட்டியும்தான் இருக்கின்றன. படி வழுக்குகிறது, வயதானவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

இனி சாப்பாட்டுக்கடைக்கு வருகிறேன், அன்றைய நாளே அங்கேதான். வாசலில் வெளிர்பச்சைக் காய் குவித்து வைத்திருந்தார்கள். அத்தை ஒன்றை எடுத்துப் பார்த்து, "அட, சௌசௌ!" என்றார். உள்ளே இருந்த மல்பார் அம்மாள், அறுபது இருக்கும், "வீ, ஷூஷூ!" என்றார்; ஆமாம், சௌசௌ என்று. அப்புறம் எங்கள் இருவருக்கும் வேலை இல்லை. அந்த அம்மாள் கொத்தாக ஓர் இலையைக் காட்டி 'கலுபிலே' என்றார்; கறிவேப்பிலை. 'கொத்தொமிலி', 'மூரோங்' என்று வரிசையாக வந்தது. தக்காளி, மிளகாய் இடித்த கிண்ணத்தைத் தள்ளி 'ருகாய்' என்றதும், "ஊறுகாய்னு சொல்ல வராம போச்சா உனக்கு" என்று அத்தை உரிமையோடு கோபித்துக்கொண்டார். அந்த அம்மாளுக்கு ஒரு தமிழ் வாக்கியம்கூடப் பேசத் தெரியாது. அத்தைக்கு பிரெஞ்சு, இங்கே பேசும் கிரியோல் மொழி இரண்டும் தெரியாது.

சௌசௌ மெக்சிகோ காய். ஆனால் சலாஸி மண்ணில் அது ராஜ்ஜியமே நடத்துகிறது: பந்தல் போட்டும் வளர்க்கிறார்கள், சரிவில் தானாகவும் மரங்களை மூடி ஓடுகிறது. காயைவிடக் கொழுந்துதான் ருசி. பூண்டு, வெங்காயத்தோடு கீரையாக வதக்கித் தருவார்கள், பெயர் 'பிரேத் ஷூஷூ'. கீரை என்றுதான் பொருள், ஆனாலும் "பேரே சரியில்லையே" என்று அத்தை முகம் சுளித்தார். ஒரு வாய்க்குப் பிறகு இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். கொழுந்து குழையாமல் லேசாகப் பல்லில் கடிபட வேண்டும், தண்ணீர் சேர்க்கவே கூடாது என்று கைஜாடையில் பாடம் நடந்தது. நனைந்த தயிர்சாதத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

மூன்று மணிக்கு மூட்டம் ஒரு நிமிடம் விலகி, எதிரே ஆன்ஷேன் குன்று மட்டும் தெரிந்தது. தப்பி ஓடிய அடிமை ஒருவர் அதன் உச்சியில் ஒளிந்து வாழ்ந்ததாகக் கதை. போனை எடுப்பதற்குள் மூடிவிட்டது.

கிளம்பும்போது அந்த அம்மாள் முளைவிட்ட சௌசௌ ஒன்றை அத்தை கையில் வைத்தார். காரைக்கால் வெயிலுக்கு இது வராது, விமானத்திலும் விடமாட்டார்கள் என்று நான் சொல்லிப் பார்த்தேன். ஈரத்துண்டு எதற்கு இருக்கிறது என்று அதில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். இப்போது எங்கள் பால்கனித் தொட்டியில் இருக்கிறது. கொடி கம்பியைப் பிடித்துவிட்டது. கடல் பக்கம் பாதி மறைகிறது.