தர்பூசணிச் சாற்றில் பெயர் வைத்த ஊர்

என் அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் பத்திர எழுத்தராக இருந்தவர். பதிவு அலுவலக வாசலில் ஒரு மேஜை, இரண்டு ஸ்டூல், ஒரு டைப்ரைட்டர். பள்ளி விடுமுறையில் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து நான் கேட்டு வளர்ந்த வார்த்தைகள் எல்லாம் நான்கெல்லை, தாய்ப்பத்திரம், வில்லங்கம், பவர். அதனால்தானோ என்னவோ, எந்த ஊருக்குப் போனாலும் 'இந்த இடத்தை யார் யாரிடமிருந்து வாங்கினார்கள்?' என்றுதான் முதலில் யோசிக்கிறேன்.

அப்படிப்பட்டவளுக்கு, ஆபிரகாம் லிங்கன் மனை விற்பனைக்குப் பத்திரம் எழுதிக்கொடுத்து உருவான ஊர் ஒன்று அமெரிக்காவின் இலினாய்ஸ் மாநிலத்தில் இருக்கிறது, அந்த ஊருக்கே லிங்கன் என்றுதான் பெயர் என்று தெரிந்தால் சும்மா இருக்க முடியுமா? ஜூலை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் சிகாகோ யூனியன் ஸ்டேஷனில் ரயில் ஏறிவிட்டேன்.

வழியெல்லாம் சோளக்காடு. ஜோலியட், பான்டியாக், புளூமிங்டன் என்று நிலையங்கள் வந்து போகின்றன. நடுவில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்றே சொல்லலாம். தட்டையான கறுப்பு மண், அதன் மேல் பச்சை, தூரத்தில் ஒரு தானியக் கிடங்கு. மூன்று மணி நேரத்துக்குள் லிங்கன். என்னோடு இறங்கியவர்கள் ஐந்தே பேர்.

நிலையத்தை ஒட்டியே அந்தச் சின்னம் நிற்கிறது. வெட்டிய தர்பூசணித் துண்டு ஒன்று, சிவப்பும் பச்சையுமாக வண்ணம் அடித்து. சிலை வைத்து மரியாதை செய்ய வேண்டிய இடத்தில் பழத்தை வைத்திருக்கிறார்களே என்று சிரிப்பு வந்தது. கதை தெரிந்த பிறகு, இதைவிடப் பொருத்தமாக எதையும் வைத்திருக்க முடியாது என்று தோன்றியது.

கதை இதுதான். 1850-களின் தொடக்கத்தில் ஆல்டனிலிருந்து ஸ்பிரிங்ஃபீல்டு வரை ஒரு ரயில் பாதை போட்டார்கள். 1852-ல் ஸ்பிரிங்ஃபீல்டு வந்தாயிற்று. அடுத்தது வடகிழக்கே புளூமிங்டன். இரண்டுக்கும் நடுவில் லோகன் கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) வெற்றுப் புல்வெளி. நீராவி எஞ்சினுக்கு வழியில் தண்ணீர் வேண்டும், விறகு வேண்டும், ஆகவே நிலையம் வேண்டும். நிலையம் வந்தால் ஊர் வரும், ஊர் வந்தால் மனை விலை ஏறும்.

இந்தக் கணக்கைப் போட்டவர்கள் மூன்று பேர். வர்ஜில் ஹிக்காக்ஸ் ஸ்பிரிங்ஃபீல்டு வியாபாரி, அந்த ரயில்வேயின் இயக்குநர்களில் ஒருவர். ஜான் கில்லெட் மாட்டுப் பண்ணைக்காரர், பிற்பாடு 'மாட்டு ராஜா' என்றே பெயரெடுத்தவர். ராபர்ட் லேதம் அந்தக் கவுண்டியின் ஷெரிஃப். ரயில்வேயின் உள்ளே ஒருவர், கையில் காசுள்ள ஒருவர், உள்ளூர் அதிகாரி ஒருவர். மனை வியாபாரம் தெரிந்த எவருக்கும் இந்தக் கூட்டணி புதிதாகத் தோன்றாது. லேதம் பென்சில்வேனியா வரைக்கும் போய், அங்கே இருந்த நில உரிமையாளரிடம் கிரயம் பேசி முடித்துவிட்டு வந்தார். நிலையம் எங்கே வரப்போகிறது என்ற விஷயம் அவர் வண்டியேறும்போது பென்சில்வேனியாவரை போய்ச் சேர்ந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

இந்த மூவருக்கும் வக்கீல் வேண்டும். ரயில்வேயின் வக்கீலே இருக்கிறாரே! ஸ்பிரிங்ஃபீல்டில் வில்லியம் ஹெர்ன்டனோடு சேர்ந்து தொழில் நடத்திய லிங்கனுக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. ஒரே ஒரு தடவை காங்கிரஸ் உறுப்பினராக இருந்துவிட்டு, அரசியல் சரிப்படாது என்பதுபோல் திரும்பி வந்து வழக்குகளில் மூழ்கியிருந்தார். ஹிக்காக்ஸ் எதிர்க்கட்சி, ஜனநாயகக் கட்சியின் முக்கியப் புள்ளி. பத்திரம் எழுதுவதற்குக் கட்சி எதற்கு? மூவருக்குள் ஒப்பந்தம், மனைகளை விற்க லேதமுக்கு அதிகாரம் தரும் பவர் என்று காகித வேலை முழுவதையும் லிங்கன் செய்து கொடுத்தார். ஊர் மண்ணில் முளைப்பதற்கு முன் காகிதத்தில் முளைத்துவிட்டது.

ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் பாதை வந்ததிலேயே அவருக்குப் பங்கு உண்டு. ஜேம்ஸ் பாரெட் என்று ஒரு நிலக்கிழார், பாதை தன் நிலத்தருகே வருகிறது என்று நம்பி ரயில்வேயின் பங்குகளுக்குக் கையெழுத்துப் போட்டிருந்தார். அப்புறம் கம்பெனி பாதையைப் பன்னிரண்டு மைல் குறைத்து நேராக்கிவிட்டது. 'எனக்குப் பயனில்லாத பாதைக்கு நான் ஏன் காசு கட்ட வேண்டும்' என்று அவர் மறுத்துவிட்டார். ரயில்வே தரப்பில் லிங்கன் வழக்குப் போட்டார். இலினாய்ஸ் உச்ச நீதிமன்றம் வரை போய் ரயில்வே ஜெயித்தது. பாதை கொஞ்சம் மாறினாலும் சொன்ன பணத்தைக் கட்டித்தான் ஆக வேண்டும் என்று ஆனது. அந்தத் தீர்ப்பு மட்டும் மாறி வந்திருந்தால், பாதை வளைந்த இடத்திலெல்லாம் பங்குதாரர்கள் கைவிரித்திருப்பார்கள். எனக்கென்னவோ பாரெட்டைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கிறது.

சரி, பெயருக்கு வருவோம். ஊருக்கு என்ன பெயர் வைப்பது என்று வந்தபோது மூவரும் வக்கீலின் பெயரையே வைக்க முடிவு செய்தார்கள். லிங்கன் என்ற பெயர் கொண்ட எதுவும் உருப்பட்டு நான் பார்த்ததில்லை, வேண்டாம் என்று அவர் சொன்னாராம். அவர்கள் கேட்கவில்லை. 1853 ஆகஸ்ட் 27, மனை விற்பனை நாள். யாரோ வண்டியில் தர்பூசணி கொண்டுவந்து விற்றுக்கொண்டிருந்தார்கள். லிங்கன் கக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பழத்தை இடுக்கிக்கொண்டு வந்து, வெட்டி, சாற்றைத் தகரக் குவளையில் பிழிந்து, நிலத்தில் ஊற்றி ஊருக்குப் பெயர் சூட்டினார் என்று சொல்கிறார்கள். கப்பலை வெள்ளோட்டம் விடும்போது மதுப்புட்டியை உடைப்பார்களே, அதற்குப் பதிலாக இது. அவர் ஜனாதிபதி ஆக இன்னும் ஏழு வருஷத்துக்கு மேல் இருந்தது. புகழுக்கு முன்பே, அவருக்குத் தெரிந்தே அவர் பெயரை வைத்துக்கொண்ட ஊர் எங்களுடையதுதான் என்பதில் ஊர்க்காரர்களுக்குப் பெருமை.

நிலையத்திலிருந்து போஸ்ட்வில் நீதிமன்றத்துக்கு நடந்தே போனேன். வரைபடத்தில் பார்க்கும்போது பக்கம்தான். மதிய வெயிலில் நிழலில்லாத நடைபாதையில் அந்த ஒரு மைல் இரண்டு மைல் ஆகிவிட்டது. குடையை விட்டுவிட்டு வந்தது என் தப்பு.

போஸ்ட்வில் என்பது இந்த ஊருக்கு மூத்த ஊர். 1839 முதல் கவுண்டியின் தலைமையிடம் அதுதான். எட்டாவது நீதி வட்டத்தில் நீதிபதியும் வக்கீல்களும் குதிரையிலும் வண்டியிலும் ஊர் ஊராகப் போய் வழக்கு நடத்துவார்கள். அப்படி லிங்கன் வாதாடிய கட்டடம். ஆனால் நான் பார்த்தது அசல் இல்லை. அசலை 1929-ல் ஹென்றி ஃபோர்டு விலைக்கு வாங்கி, பிரித்து, மிச்சிகனில் தன் அருங்காட்சியக கிராமத்துக்குக் கொண்டுபோய்விட்டார். ஊரின் நூற்றாண்டான 1953-ல் அதே இடத்தில் அதே மாதிரி ஒன்று கட்டிக்கொண்டார்கள். வெள்ளைப் பலகை அடித்த இரண்டு மாடி வீடு என்றுதான் தோன்றும். உள்ளே வழிகாட்டிய பெரியவர் தண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பித்தார். "நீதிமன்றத்தையே தூக்கிக்கொண்டு போனவரைப் பற்றி எங்கே போய்ப் புகார் கொடுப்பது?" என்று சிரித்தார். அந்த நகைச்சுவையை அவர் ஆயிரம் தடவையாவது சொல்லியிருப்பார்.

போஸ்ட்வில்லிடமிருந்து தலைமையிடம் மவுண்ட் புலாஸ்கிக்குப் போனது. 1848-ல் அங்கே கட்டிய செங்கல் நீதிமன்றம் இன்னும் அப்படியே இருக்கிறதாம். கார் இல்லாததால் நான் போகவில்லை. அங்கே நடந்த வழக்கு ஒன்றைப் பெரியவர் சொன்னார். தானாக ஆடும் தொட்டில் ஒன்றின் காப்புரிமைத் தகராறு. லிங்கன் தொட்டிலை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்து ஆட்டிக் காட்ட, இதை எப்படி நிறுத்துவது என்று நீதிபதி டேவிட் டேவிஸ் கேட்டாராம். நமக்குத் தெரிந்த சில வாய்ப்பேச்சுக்காரர்கள் மாதிரிதான், ஆரம்பித்தால் நிற்கத் தெரியாது என்றாராம் லிங்கன். அந்த ஊரிடமிருந்தும் தலைமையிடத்தை ரயில் பிடுங்கிக்கொண்டது. 1855-ல் தலைமையிடம் லிங்கன் ஊருக்கு வந்துவிட்டது. பாதையிலிருந்து ஒரு மைல் தள்ளி நின்ற போஸ்ட்வில்லையோ, புது ஊர் வளர்ந்து வளர்ந்து கடைசியில் விழுங்கியேவிட்டது. அரசியல் கூட்டம், மனு, வாக்கெடுப்பு எல்லாம் நடந்தன. ஆனால் என்னைக் கேட்டால், தண்டவாளம் போட்ட அன்றைக்கே முடிந்த வழக்கு அது.

திரும்பி வந்து நீதிமன்றச் சதுக்கத்தில் உட்கார்ந்தேன். இப்போதுள்ள குவிமாடக் கட்டடம் 1905-ல் கட்டியது. இங்கே கட்டிய முதல் நீதிமன்றம் 1857-லேயே தீயில் போய்விட்டது. நகராட்சிக் கட்டடத்தின் கூரைமேல் ஒரு தொலைபேசிக் கூண்டு நிற்கிறது. சூறைக்காற்று வருகிறதா என்று மேலே ஏறிப் பார்ப்பவர் நனையாமல் நிற்க வைத்ததாம். கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று சூறாவளியை எதிர்பார்க்கும் அந்த வேலையை எனக்கு யாராவது கொடுத்தால் அன்றே ராஜினாமா செய்துவிடுவேன்.

சதுக்கத்தை ஒட்டிய தெருவில்தான் எனக்கு வேண்டியது கிடைத்தது. லிங்கனுக்குச் சொந்தமாக இருந்த மனை இது என்று ஒரு பலகை. ஊருக்கு இலவசமாகப் பெயர் கொடுத்ததற்கு மூவரும் கொடுத்த பரிசாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. ஜேம்ஸ் பிரிம் என்ற உள்ளூர் ஆள் நியூயார்க்கில் 400 டாலர் கடன் வாங்கினார், அந்தப் பத்திரத்தில் லிங்கனும் கையெழுத்துப் போட்டிருந்தார். தவணை வந்தபோது பிரிமிடம் காசில்லை. லிங்கன் கட்டினார். அதற்கு ஈடாக 1858-ல் இந்த மனையை பிரிம் எழுதிக்கொடுத்தார்.

மாலை ரயிலுக்கு நேரமிருந்தது. தர்பூசணிச் சின்னத்துக்குப் பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்து தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1860 நவம்பரில், ஜனாதிபதித் தேர்தலில் ஜெயித்த கையோடு சிகாகோ போகும் வழியில் லிங்கன் ரயிலிலிருந்தே இந்த ஊர் மக்களிடம் சில வார்த்தை பேசினார். அடுத்து 1865 மே 3 காலையில் அவர் உடலைச் சுமந்த ரயில் இதே பாதையில் ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் போனது. தண்டவாளத்துக்கு மேல் வளைவு கட்டி, அவர் படத்தை மாட்டி வைத்திருந்தார்கள். அவர் எழுதிய பவர் பத்திரத்துக்கு அப்போது பன்னிரண்டு வயது.

மறுநாள் காலை அப்பாவைக் கூப்பிட்டேன். மூன்று பேர், பென்சில்வேனியா கிரயம், பவர் எல்லாவற்றையும் 'ம்' போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஃபீஸ் எவ்வளவும்மா வாங்கினார்?"

இந்தப் பத்திரத்துக்கு எவ்வளவு வாங்கினார் என்று எனக்குத் தெரியாது, ஆனால் வேறொரு ரயில்வேக்கு, இலினாய்ஸ் சென்ட்ரலுக்கு, கவுண்டி வரி வழக்கை ஜெயித்துக் கொடுத்து 5,000 டாலர் பில் போட்டார், அவர்கள் தராமல் இழுத்தடிக்க அவர்கள் மேலேயே வழக்குப் போட்டு வாங்கினார் என்று சொன்னேன். அப்பாவுக்கு ஏக சந்தோஷம். "அப்படித்தான் வாங்கணும்" என்றார், தனக்கே அந்தப் பணம் வந்த மாதிரி.

பிறகு 400 டாலர் மனையைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"ஏம்மா, ஊருக்கெல்லாம் பத்திரம் எழுதின மனுஷன், இன்னொருத்தன் கடனுக்குப் போய் ஜாமீன் கையெழுத்துப் போட்டாரா?"

"ஆமாம்ப்பா."

"சரி சரி, இதை உங்க அம்மாகிட்ட சொல்லாதே" என்று வைத்துவிட்டார்.