வர்ணனையாளர் யாருடைய ஆள்?

எதிரணி வீரரைக் கொஞ்சம் பாராட்டினாலே வர்ணனையாளரை வறுத்தெடுக்கிறார்கள். கேட்கவே வருத்தமாக இருக்கிறது.

2016 டி20 உலகக் கோப்பை. பெங்களூரில் வங்கதேசத்தை 1 ரன்னில் வென்றோமே, கடைசிப் பந்தில் தோனி ஓடிவந்து முஸ்தபிசூரை ரன் அவுட் செய்தாரே, அந்த ஆட்டம். அது முடிந்ததும், இந்திய வர்ணனையாளர் நம் வீரர்களைப் பற்றி அதிகம் பேசலாமே என்று அமிதாப் பச்சன் ட்வீட் போட்டார், பெயர் சொல்லாமல். தோனியும் அதைப் பகிர்ந்தார்.

ஆங்கில வர்ணனை உலகம் முழுக்கப் போகிறது, வங்கதேசத்திலும் கேட்கிறார்கள் என்று இந்திய வர்ணனையாளர் ஹர்ஷா போக்ளே பொறுமையாக விளக்கினார்; அந்த ட்வீட் அவரைத்தான் குறிக்கிறது என்று பலரும் நினைத்தார்கள். நியாயம்தானே? கடைசி ஓவரில் வங்கதேசத்தின் முஷ்பிகுர் அடுத்தடுத்து இரண்டு பவுண்டரி அடித்தபோது வேறென்ன சொல்ல முடியும்!

அடுத்த மாதமே ஐபிஎல் வர்ணனைக் குழுவில் ஹர்ஷா இல்லை. காரணத்தை யாரும் வெளிப்படையாகச் சொல்லவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.